தறி முதல் செயற்கை நுண்ணறிவு வரை: அஜைல் பணிமுறையின் வரலாறும் பெருநிறுவனங்களில் அதன் பரவலும்

முன்னுரை

கடந்த கால் நூற்றாண்டில் தொழில் நிறுவனங்களின் வழக்கில் மிகுதியாகப் புழங்கிவரும் சொற்களுள் 'அஜைல்' என்பதும் ஒன்றாகும். மென்பொருள் உருவாக்குவோரின் சிறு குழுக்களிடையே தோன்றிய இப்பணிமுறை, இன்று வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், அரசுத் துறைகள் எனப் பல இடங்களிலும் பின்பற்றப்படுகிறது. அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஏற்கும் நிறுவனங்கள், அம்மாற்றத்தை நடத்திச் செல்வதற்குரிய வழியாகவும் இம்முறையையே கொள்கின்றன.

தமிழில் இதற்குச் 'சுறுசுறுப்பு', 'விரைவு', 'நெகிழ்வு' முதலான சொற்களைச் சொல்லிப் பார்க்கலாம். முதலிரண்டும் வேகத்தைச் சுட்டுவன. மூன்றாவது வளைந்து கொடுத்தலைச் சுட்டுவது. வேலையைச் சிறு பகுதிகளாகச் செய்து, ஒவ்வொரு பகுதியின் விளைவையும் கண்டறிந்து, அதற்கேற்ப அடுத்த பகுதியைத் திருத்தி அமைத்தல் என்பதே இதன் உட்பொருளாகும். அப்பொருள் முழுவதையும் தாங்கும் ஒரு சொல் பொதுவழக்கில் நிலைபெறாமையால், பணியிடங்களில் வழங்கும் 'அஜைல்' என்ற ஒலிபெயர்ப்பே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

இந்தியவியல் ஆய்விதழ் ஒன்றில் இப்பொருள் ஆராயப்படுவதற்குக் காரணம் உண்டு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை ஆராய்ந்தோர், தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் இரயில் பாதைகளிலும் உழைப்பு எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதை விரிவாகக் காட்டியுள்ளனர். வேலையைச் செய்யும் கைக்கு அவ்வேலையைப் பற்றிப் பேசும் உரிமை இருந்ததா என்பது அவ்வாய்வுகளின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. கணினியின் முன் அமர்ந்து உழைக்கும் இன்றைய தலைமுறைக்கும் அவ்வினா பொருந்தும்.

அஜைல் முறையின் உயிர்நாடி வேகம் அன்று. பிழையை முதலில் காண்பவரே வேலையை நிறுத்தவும் திருத்தவும் பெற்றிருக்கும் உரிமையே அதன் உயிர்நாடி. நிறுவனம் பெருகப் பெருக அம்முறையின் சடங்குகள் எளிதிற் பரவுகின்றன, அவ்வுரிமையோ பின்தங்குகிறது. இக்கருத்தை வரலாற்று நோக்கில் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தறியும் தொழிற்சாலையும்

அஜைல் முறையின் வேர்களைத் தேடிச் செல்வோர் கணினிக்கு முற்பட்ட காலத்தை அடைகின்றனர். 1924-ஆம் ஆண்டில் ஜப்பானியரான சாகிச்சி டொயோடா 'ஜி' வகைத் தானியங்கித் தறியை முழுமைப்படுத்தினார். நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும் என்பது அதன் சிறப்பியல்பு. அத்தகைய அமைப்பு இல்லாத தறி, அறுந்த நூலோடு ஓடிக்கொண்டேயிருக்கும். பழுதான துணி பல முழம் நெய்யப்பட்ட பின்னரே குறை தெரியவரும். ஆதலால் அத்தகைய தறிகளைக் கண்கொட்டாமல் காக்க வேண்டியிருந்தது. பிழை நேர்ந்த கணத்திலேயே நிற்கும் தறி வந்தபின், ஒருவரே பல தறிகளை மேற்பார்க்க முடிந்தது. 'நிற்கத் தெரிந்த' பொறியே மிகுதியாக நெய்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

அதே 1924-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வால்டர் ஷூஹார்ட், உற்பத்தியில் நேரும் மாறுபாடுகளைக் கண்டறியும் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். பொருள் முழுவதும் செய்து முடிக்கப்பட்ட பின் குறையுடையவற்றைக் கழித்தெறிவதை விட, செய்யும்போதே அளந்து திருத்துவது மேலானது என்பது அவர் கண்ட உண்மை. அக்கருத்தை எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியாளர்களிடையே ஆற்றிய விரிவுரைகளில் எடுத்துரைத்தார்.

இவ்விரு ஓடைகளும் டொயோட்டா வாகனத் தொழிற்சாலையில் கலந்தன. தாயிச்சி ஓனோ முதலியோர் இரண்டாம் உலகப்போருக்குப் பின் உருவாக்கிய உற்பத்தி முறையில், தொழிலாளர் ஒவ்வொருவரின் கைக்கெட்டும் தொலைவில் ஒரு கயிறு தொங்கவிடப்பட்டது. குறை ஒன்றைக் கண்டவர் அதனை இழுப்பார். குழுத்தலைவர் உடனே வருவார். உரிய நேரத்திற்குள் குறை தீராவிடின் வரிசை முழுவதும் நிற்கும். தறிக்கு இருந்த ஆற்றல் இதன்வழித் தொழிலாளருக்கு உரிமையாக்கப்பட்டது.

இம்முறையைக் கடன் கொள்வதிலுள்ள இடர்ப்பாட்டையும் வாகனத் தொழில் முன்னரே காட்டியுள்ளது. கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1982-இல் மூடிய தொழிற்சாலை, டொயோட்டாவுடன் கூட்டு முயற்சியாக 1984-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களே பணியமர்த்தப்பட்டனர். எனினும் வாகனங்களின் தரம் விரைவில் உயர்ந்தது. ஆயின், அவ்வெற்றியை ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிற தொழிற்சாலைகளில் நிகழ்த்த முயன்றபோது பல்லாண்டுகள் தடுமாறியது. கயிற்றைக் கட்டுவது எளிதாக இருந்தது. அதை இழுத்தவரைக் கடிந்துகொள்ளாத மேலாளரை உருவாக்குவதே அரிதாக இருந்தது.

மென்பொருள் நெருக்கடியும் அருவி மாதிரியும்

1968-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஒரு மாநாடு நிகழ்ந்தது. மென்பொருள் திட்டங்கள் காலங்கடந்தும் செலவு மிகுந்தும் குறைகளோடு முடிவது அங்கு ஒரு நெருக்கடியாக உணரப்பட்டது. கட்டடப் பொறியியலைப் போன்று மென்பொருளுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

1970-ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையொன்று இவ்வொழுங்கின் மூலநூலாகப் பின்னாளில் கருதப்பட்டது. தேவைகளைத் தொகுத்தல், பகுத்தாய்தல், வடிவமைத்தல், நிரல் எழுதுதல், சோதித்தல், இயக்குதல் என்று படிப்படியாக இறங்கும் ஒரு வரைபடம் அதில் இடம்பெற்றது. இதுவே பின்னர் 'அருவி மாதிரி' எனப் பெயர் பெற்றது. ஆனால் ராய்ஸ் தம் கட்டுரையில் அப்பெயரை ஆளவில்லை. அவ்வெளிய வடிவம் இடர் மிகுந்தது என்று அவரே எச்சரித்து, புதிய முயற்சியாயின் ஒரு முன்மாதிரியைச் செய்து பார்த்து, அதிலிருந்து கற்றுக்கொண்டு மீண்டும் செய்யுமாறு அறிவுறுத்தினார். வரைபடத்தை எடுத்துக்கொண்டோர் எச்சரிக்கையை விட்டுவிட்டனர். 1985-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட மென்பொருள் தரவிதிகள் இப்படிமுறைக்கு அரசின் ஏற்பையும் அளித்தன. ஒரு நூலின் உரை மறக்கப்பட்டு அதன் அட்டவணை மட்டும் பயிலப்படுவது தமிழாசிரியர்களுக்குப் புதிய செய்தியாக இராது.

இக்காலத்தில் எழுந்த இரு சிந்தனைகள் இங்குக் குறிப்பிடத்தக்கவை. மெல்வின் கான்வே 1968-இல் எழுதிய கட்டுரையில், ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்நிறுவனத்தின் தகவல் தொடர்பு முறையையே ஒத்திருக்கும் என்று சுட்டினார். பிரெட் புரூக்ஸ் 1975-இல் வெளியிட்ட நூலில், காலந்தாழ்ந்த திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்றார். ஆட்கள் கூடும்போது அவர்களுக்கிடையேயான தொடர்புகள் பன்மடங்காகப் பெருகுவது இதற்கொரு காரணம். ஐவர் கொண்ட குழுவில் இருவருக்கிடையே அமையக்கூடிய தொடர்புகள் 10. ஐம்பதின்மர் குழுவில் 1,225. வளரும் நிறுவனங்கள் அனைத்தும் எதிர்கொள்ளும் சிக்கல் இவ்வெண்களிலேயே அடங்கியுள்ளது.

2001: பதினெழுவர் கூடிய அறிக்கை

1986-ஆம் ஆண்டில் ஹிரோடகா டகேயுச்சி, இகுஜிரோ நோனாகா ஆகிய ஜப்பானிய அறிஞர் இருவர், ஹார்வர்ட் வணிக ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஹோண்டா, கேனன், பியூஜி-சிராக்ஸ் முதலிய நிறுவனங்களில் புதுப்பொருள் உருவாக்கம் அஞ்சல் ஓட்டத்தைப் போன்று கைமாறிச் செல்லவில்லை என்றும், ரக்பி ஆட்டக் குழுவைப் போன்று அனைவரும் ஒருங்கே முன்னேறினர் என்றும் அவர்கள் விளக்கினர். அவ்வாட்டத்தின் 'ஸ்கிரம்' என்னும் சொல்லே பின்னர் ஒரு பணிமுறையின் பெயராயிற்று. ஜெப் சதர்லாண்ட் 1993-இல் அதனை மென்பொருள் குழு ஒன்றில் கையாண்டார். 1995-இல் கென் ஷ்வேபரும் அவரும் அதனை ஒரு மாநாட்டில் முறையாக முன்வைத்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் கிரைஸ்லர் நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் திட்டத்தில் கென்ட் பெக் வேறொரு முறையை வளர்த்தார். இருவர் ஒன்றாக அமர்ந்து நிரல் எழுதுதல், நிரலுக்கு முன்பே சோதனையை எழுதுதல் ஆகியன அதன் கூறுகளாகும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்ட் என்னும் மலைவாழிடத்தில் இத்தகைய முறைகளைச் சார்ந்த 17 பேர் கூடினர். நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கோட்பாடுகளும் கொண்ட சிற்றறிக்கை ஒன்று வெளிவந்தது. கருவிகளினும் மனிதரின் ஊடாட்டம், ஆவணங்களினும் இயங்கும் மென்பொருள், ஒப்பந்தப் பேரத்தினும் வாடிக்கையாளருடன் ஒத்துழைப்பு, திட்டத்தைப் பற்றி நிற்பதினும் மாற்றத்திற்கு ஈடுகொடுத்தல் ஆகியன மேலானவை என்பது அதன் சாரமாகும். பின்னவற்றுக்கும் மதிப்புண்டு என்பதை அறிக்கை மறுக்கவில்லை. முன்னவற்றுக்கு மிகுந்த மதிப்பு என்றே அது கூறுகிறது.

அப்பன்னிரண்டு கோட்பாடுகளைக் கூர்ந்து நோக்கின், வேகத்தைக் காட்டிலும் பின்னூட்டமே அவற்றில் மேலோங்கியிருப்பது புலனாகும். சில வாரங்களுக்கு ஒருமுறை இயங்கும் மென்பொருளை வழங்குக என்பது, வாடிக்கையாளர் அதனைப் பயன்படுத்திப் பார்த்துக் குறை கூறுவதற்காகவே. குழு அவ்வப்போது தன்னைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்க என்பதும், தொடர்ந்து தாங்கக்கூடிய நிதான வேகத்தில் உழைக்க என்பதும் அதே நோக்கின. டொயோட்டாவின் கயிறு இங்கு வேறு வடிவில் தொங்குகிறது எனலாம்.

நிறுவனம் பெருகும்போது

ஸ்னோபேர்டில் கூடியோர் மனத்தில் இருந்தவை சிறு குழுக்கள். 2010-க்குப் பின் அம்முறையை ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் அமைப்புகளுக்கு விரிவாக்கும் முயற்சிகள் பெருகின. டீன் லெபிங்வெல் 2011-இல் வெளியிட்ட 'சேப்' என்னும் சட்டகம் அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. 2012-இல் சுவீடனின் ஸ்பாட்டிபை இசை நிறுவனத்தின் அமைப்பை விளக்கும் சிறு கட்டுரையொன்று வெளிவந்தது. அந்நிறுவனத்தின் குழு, குலம், பிரிவு, கழகம் என்ற பகுப்புகள் உலகெங்கும் படியெடுக்கப்பட்டன. அது தங்கள் நடைமுறையின் ஒரு கணத்துப் படம் மட்டுமே என்று அதனை எழுதியோர் அக்கட்டுரையிலேயே கூறியிருந்தனர். ராய்ஸுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்தது: படம் எடுத்துக்கொள்ளப்பட்டது, குறிப்பு விடுபட்டது.

2015-இல் நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. வங்கி, தன் தலைமையகத்தின் ஏறத்தாழ 3,500 பணியாளர்களைச் சிறு குழுக்களாக மாற்றி அமைத்தது. அதனைத் தொடர்ந்து பல வங்கிகள் இவ்வழியில் சென்றன. இதனோடு பயிற்சி நிறுவனங்கள், சான்றிதழ்கள், அறிவுரைஞர்கள் எனத் தனியொரு வணிகமும் வளர்ந்தது. அறிக்கையில் ஒப்பமிட்டவர்களே இதனைக் கண்டிக்கத் தொடங்கினர். அஜைல் என்பது விற்பனைச் சொல்லாகிவிட்டது என்று டேவ் தாமஸ் 2014-இல் எழுதினார். மேலிருந்து திணிக்கப்படும் அஜைல் அதன் அடிப்படைக்கே முரணானது என்று மார்ட்டின் பவுலர் 2018-இல் உரையாற்றினார். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கி, அஜைல் பணிகளுக்கென வைத்திருந்த 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்களை நீக்கியது.

சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி: ஓர் ஆய்வு

இவ்வரலாற்றின் ஒளியும் நிழலும் ஒருங்கே தெரியும் இடம் சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியாகும். சிங்கப்பூரின் தொழில்மயமாக்கத்திற்கு நிதியளிக்க 1968-இல் நிறுவப்பட்ட இவ்வங்கி, 1998-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இதன்வழி, நாட்டின் பெரும்பாலான குடும்பங்களோடு அன்றாடத் தொடர்புடைய நிறுவனமாயிற்று.

பியூஷ் குப்தா 2009-இன் இறுதியில் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றபோது, வாடிக்கையாளர் மனநிறைவில் வங்கி பின்தங்கியிருந்தது. அதன் மூன்றெழுத்துப் பெயருக்கு 'மிக மெதுவானது' என்ற பொருள்பட மக்கள் கேலியாக விரிவு சொல்லிவந்ததை அவரே பொதுமேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். 2010 ஜூலை 5-ஆம் நாள் வங்கிச் சேவைகள் பல மணிநேரம் தடைப்பட்டன. சேமிப்புக் கருவியொன்றைப் பழுதுபார்த்தபோது உரிய நடைமுறை பின்பற்றப்படாதது அதற்குக் காரணம். சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்து, ஏறத்தாழ 230 மில்லியன் வெள்ளி கூடுதல் மூலதனம் வைத்திருக்குமாறு பணித்தது.

இச்சூழலில் வங்கி முதலில் கைக்கொண்டது கணினித் தொழில்நுட்பம் அன்று; டொயோட்டா வழிவந்த செயல்முறைச் சீர்திருத்தமே. பல துறையினர் ஓரறையில் கூடி, ஒரு சேவை தொடக்கம் முதல் முடிவு வரை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சுவரில் வரைந்து, வீணான காத்திருப்பைக் கண்டறிந்து நீக்கினர். இதற்கு அவர்கள் வகுத்த அளவுகோல் 'வாடிக்கையாளர் மணிநேரம்' என்பதாகும். வங்கிக்கு எவ்வளவு மிச்சம் என்பதற்கு மாறாக, வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தில் எவ்வளவு குறைந்தது என்று அளந்தனர். 250 மில்லியன் மணிநேரம் இவ்வாறு மிச்சப்பட்டதாக வங்கி அறிவித்தது. எதனை அளக்கிறோம் என்பதே எதனைக் காண்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அடுத்த கட்டத்தில், கூகுள், அமேசான், நெட்பிளிக்ஸ், ஆப்பிள், லிங்க்டுஇன், பேஸ்புக் ஆகியவற்றின் முதலெழுத்துகளோடு தன் முதலெழுத்தையும் சேர்த்து 'காண்டால்ப்' என்ற பெயரை வங்கி தன் குறிக்கோளாக்கிக் கொண்டது. புறநிறுவனங்களிடம் விடப்பட்டிருந்த தொழில்நுட்பப் பணிகளின் பெரும்பகுதி வங்கிக்குள் கொண்டுவரப்பட்டது. 2016-இல் ஹைதராபாத்தில் தொழில்நுட்ப மையம் திறக்கப்பட்டது. 2018-இல் வங்கியின் பணிகள் 33 தளங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வணிகத் துறையினர் ஒருவரும் தொழில்நுட்பத் துறையினர் ஒருவரும் கூட்டுத் தலைவர்களாயினர். கான்வே கூறிய உண்மையை உணர்ந்து, மென்பொருளை மாற்றுவதற்காக நிறுவனத்தையே மாற்றியமைத்த செயல் இது. உலகின் சிறந்த மின்னிலக்க வங்கி என்ற விருதை 2016-இலும் 2018-இலும் யூரோமணி இதழ் டிபிஎஸ் வங்கிக்கு வழங்கியது.

ஆயினும் நிழல் மீண்டும் படர்ந்தது. 2021 நவம்பரில் மின்னிலக்கச் சேவைகள் இரு நாள்களுக்கும் மேலாகத் தடுமாறின. 2023 மார்ச் 29, மே 5, அக்டோபர் 14 ஆகிய நாள்களிலும் தடைகள் நேர்ந்தன. காரணங்கள் வேறுபட்டவை: முதலாவதில் அணுகலைக் கட்டுப்படுத்தும் வழங்கிகளின் கோளாறு, மார்ச் மாதம் மென்பொருள் பிழை, மே மாதம் பராமரிப்பு நிரலில் நேர்ந்த மனிதத் தவறு, அக்டோபரில் வெளியார் நடத்தும் தரவு மையத்தின் குளிரூட்டல் பழுது. ஆகவே அஜைல் முறையே இவற்றை விளைவித்தது என்று கூறுவது பொருந்தாது. ஆனால் மாற்றங்களைச் செய்யும் ஆற்றலும், அம்மாற்றங்களின் விளைவை முன்னறிந்து மீளும் ஆற்றலும் ஒரே அளவில் வளரவில்லை என்பதை இவை காட்டின.

2023 மே மாதத்தில் கூடுதல் மூலதனத் தேவை ஏறத்தாழ 1.6 பில்லியன் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2023 நவம்பர் 1-ஆம் நாள், இன்றியமையாதவை தவிர்ந்த தகவல் தொழில்நுட்ப மாற்றங்கள் அனைத்தையும் ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு நாணய ஆணையம் ஆணையிட்டது. புதிய வணிகங்களைக் கையகப்படுத்துவதும் தடுக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டுக்கான தலைமை நிர்வாகியின் மாறுபடும் ஊதியம் 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. மேலாண்மையின் பொறுப்பேற்பு இவ்வாறு வெளிப்படையாக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 30-இல் அத்தடை முடிவுற்றது. கூடுதல் மூலதனத் தேவை அப்போது நீக்கப்படவில்லை.

வரலாற்று நோக்கில் இந்நிகழ்ச்சி ஆழ்ந்த பொருளுடையது. டொயோட்டா தொழிற்சாலையில் கயிற்றை இழுத்தவர் வரிசையில் நின்ற தொழிலாளி. இங்கு அதனை இழுத்தது நாட்டின் ஒழுங்குமுறை ஆணையம்; அதுவும் வாடிக்கையாளர்கள் பன்முறை இடர்ப்பட்ட பின்னர். உள்ளிருந்து இழுக்கப்படும் கயிறு சில நிமிடங்களை எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து இழுக்கப்பட்டது ஆறு மாதங்களை எடுத்துக்கொண்டது.

செயற்கை நுண்ணறிவின் வருகை

2021-இல் நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் கருவியின் முன்னோட்டமும், 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடியும் வெளிவந்தன. நிரலும் அறிக்கையும் கடிதமும் ஆக்கும் வேகம் இவற்றால் பெருகியது. ஆக்கியதைச் சரிபார்க்கும் வேகமும் அவ்வாறு பெருகியதா என்பதே நம் வினா.

இதற்கு விடை தேடிய ஆய்வுகள் இரண்டைச் சுட்டலாம். மென்பொருள் வழங்கலைப் பல ஆண்டுகளாக அளந்துவரும் 'டோரா' ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, செயற்கை நுண்ணறிவின் பயன்பாடு 25 விழுக்காடு கூடும்போது, வழங்கலின் நிலைத்தன்மை ஏறத்தாழ 7.2 விழுக்காடு குறையும் என்று மதிப்பிட்டது. மாற்றங்களை ஆக்குவது எளிதாகும்போது ஒவ்வொரு மாற்றமும் பெரிதாகிவிடுவது இதற்குரிய காரணமாக இருக்கக்கூடும் என்று அவ்வறிக்கை கருதியது. சிறு பகுதிகளாகச் செய்க என்பது அஜைல் முறையின் பழைய பாடம். கருவி புதிதாயினும் பாடம் பழையதே.

'மீட்டர்' எனப்படும் ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட சோதனை மேலும் வியப்பூட்டுவது. அனுபவம் மிக்க நிரலாளர் 16 பேர், தாங்கள் நன்கறிந்த மென்பொருள்களில் 246 பணிகளைச் செய்தனர். 2025-இன் தொடக்கத்தில் கிடைத்த கருவிகளைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆயிற்று. ஆனால் பணி முடிந்த பின்னும், தாங்கள் 20 விழுக்காடு விரைந்து செய்ததாகவே அவர்கள் எண்ணினர். சிறு எண்ணிக்கையினரைக் கொண்டு, விரைந்து மாறிவரும் கருவிகளை வைத்துச் செய்யப்பட்ட இச்சோதனையின் 19 விழுக்காட்டை எல்லாப் பணிக்கும் பொதுவாக்குதல் தகாது. வேகத்தைப் பற்றிய உணர்வும் வேகமும் வேறு வேறு என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம். தன் உணர்வை நம்பாது அளந்து பார்க்க வேண்டும் என்ற ஷூஹார்ட்டின் கருத்து நூறாண்டுக்குப் பின்னும் பொருந்துகிறது.

டிபிஎஸ் வங்கி இத்துறையிலும் முன்னோடியாகவே விளங்குகிறது. 350 பயன்பாடுகளில் 800-க்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பயன்படுத்துவதாக அது 2025-இன் தொடக்கத்தில் அறிவித்தது. தரவுகளைக் கையாளும்போது நோக்கமுடைமை, வாடிக்கையாளரைத் திடுக்கிடச் செய்யாமை, மதிப்புடைமை, விளக்கத்தக்க தன்மை ஆகிய நான்கினையும் ஆராய்ந்து பார்க்கும் நெறியையும் அது வகுத்துள்ளது. நாணய ஆணையமும் 2018-இலேயே நியாயம், அறநெறி, பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை என்ற நான்கு கொள்கைகளை நிதித்துறைக்கு வெளியிட்டது. ஒரு மாதிரி ஏன் இம்முடிவை எடுத்தது என்று கேட்கும் உரிமை, கயிற்றை இழுக்கும் உரிமையின் இக்கால வடிவம் எனலாம்.

எனினும் 2025 பிப்ரவரியில் வெளிவந்த மற்றோர் அறிவிப்பு சிந்திக்கத்தக்கது. மனிதர் செய்யும் பணிகளைச் செயற்கை நுண்ணறிவு மேன்மேலும் ஏற்பதால், அடுத்த மூன்று ஆண்டுகளில் தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 4,000 குறையும் என்று வங்கி தெரிவித்தது. குறிப்பிட்ட திட்டங்கள் முடியும்போது இது இயல்பாக நிகழும் என்றும், நிரந்தரப் பணியாளர்கள் பாதிக்கப்படமாட்டார் என்றும், செயற்கை நுண்ணறிவு சார்ந்த ஏறத்தாழ 1,000 புதிய பணிகள் உருவாகும் என்றும் கூறப்பட்டது. ஒரு வங்கி இதனை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்தது பாராட்டுக்குரியது. ஆனால் பொதுவாகவே ஒரு வினா எழுகிறது. ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர், பொறி தரும் விடையில் பிழை கண்டால், வரிசையை நிறுத்துவாரா? டொயோட்டாவில் கயிறு பயன்பட்டதற்கு நிலையான வேலை என்ற உறுதியும் ஒரு காரணம். அவ்வுறுதி இல்லாதவரிடம் கயிற்றை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

இதன் மறுபக்கத்தையும் கருத வேண்டும். தொடக்கநிலைப் பணிகளைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டால், பிழை காணும் கண்ணை இளையோர் எங்குப் பெறுவர்? பல்லாண்டுகள் துணி நெய்தவரே அறுந்த நூலைத் தொட்டவுடன் அறிவார். சரிபார்ப்பவரை உருவாக்காது சரிபார்ப்பை மட்டும் எதிர்பார்ப்பது, விதைநெல்லை உண்டுவிட்டு அடுத்த விளைச்சலை எதிர்பார்ப்பதை ஒக்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவதாக, அஜைல் முறையின் வரலாறு, வேலை செய்பவருக்கும் வேலையின் விளைவுக்கும் இடையிலான தொலைவைக் குறைத்த வரலாறாகும். தறியும், கயிறும், இரு வாரத்திற்கொரு முறை வழங்கப்படும் மென்பொருளும் அத்தொலைவைக் குறைத்த கருவிகளே. இரண்டாவதாக, ஒவ்வொரு முறையும் அப்பணிமுறை பெரியதோர் இடத்திற்குச் சென்றபோது, அதன் வடிவம் முன்னே சென்றது, எச்சரிக்கை பின்தங்கியது. ராய்ஸின் வரைபடமும், பிரீமான்ட் தொழிற்சாலையின் அனுபவமும், ஸ்பாட்டிபையின் பகுப்புகளும் இதனையே கூறுகின்றன. மூன்றாவதாக, நிறுவனத்திற்குள் நிறுத்தும் உரிமை போதிய வலுப்பெறாதவிடத்து, அது வெளியிலிருந்து பெருஞ்செலவோடு வந்து சேரும் என்பதைச் சிங்கப்பூரின் அனுபவம் காட்டுகிறது.

செயற்கை நுண்ணறிவை ஏற்கும் நிறுவனங்கள், எவ்வளவு ஆக்கினோம் என்று கணக்கிடுவதோடு அமையாது, பிழை நேர்ந்த கணத்திற்கும் அது கண்டறியப்பட்ட கணத்திற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்பதையும் கணக்கிடுதல் வேண்டும். அப்பிழையை முதலில் கண்டவர் யார், அவர் யாரிடம் கூறினார், கூறியபின் அவருக்கு என்ன நேர்ந்தது என்பனவும் ஏட்டில் பதியப்படுதல் வேண்டும். மாணவர் கட்டுரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் பாடப்பொருள்களையும் இக்கருவிகளின் துணையோடு கையாளத் தொடங்கியுள்ள நம் கல்வி நிலையங்களுக்கும் இது பொருந்தும். ஒரு தவறான தமிழ்த்தொடர் பொறியிலிருந்து பாடநூலுக்குள் செல்லும் வழியில், அதனை நிறுத்தும் உரிமை எந்த ஆசிரியரின் கையில் உள்ளது என்பதை ஒவ்வொரு நிலையமும் முன்னரே வரையறுத்துக்கொள்ளுதல் நன்று.